கார்டில் மட்டும் வேலைக்குப் போனவள்

சரசுவின் மகள் வைஷாலியை, அவளுக்கு வேலை கிடைத்த பிறகு நான் முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, அவள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். காலை மணி பதினொன்று. செவ்வாய்க்கிழமை. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"இன்னைக்கு லீவா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, வேலையிலதான் இருக்கேன்" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது, நகத்தைத் தாண்டி விரலில் வழிந்த சாயத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

உறவைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். சரசுவின் புருஷன் மருதப்பன். மருதப்பனுடைய அக்காளைக் கட்டியவன் ரத்னவேல். ரத்னவேல் என் பெரியப்பா மகனுடைய மகன். எனக்கு மகன் முறை. அவனுக்கு இங்கே சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வைஷாலிக்கு வேலை கொடுத்தவன் அவன்தான். ஆக நான் சொல்லப்போவது என் சொந்த ரத்தத்தைப் பற்றி. சும்மா பிறத்தியார் வீட்டுக் கதை பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் பெண் வேலை தேடிய கஷ்டத்தை எங்கள் பேட்டையான ஈசூனில் பாதிப் பேர் பார்த்தோம். பதினேழு வயது. நவம்பரில் பள்ளி இறுதி ஓ லெவல் பரீட்சை முடிந்தது. ஏப்ரலில் பாலிடெக்னிக். நடுவில் ஐந்து மாதம். அம்மா சரசு காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறாள், சாயங்காலம் ஓர் ஆபிசில் துடைக்கிறாள். முட்டி வீங்கிப்போய், லிஃப்ட் இல்லாத இடத்தில் படியைப் பக்கவாட்டில் ஏறுவாள். மகள் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டால், பிறகு பாலிடெக்னிக் போகும்போதும் சனி ஞாயிறு அதிலேயே தொடரலாம், அம்மா சாயங்கால வேலையை விட்டுவிடலாம். அவ்வளவுதான் வைஷாலியின் திட்டம். ஒரு நிஜமான வேலை, அம்மாவின் முட்டிக்காக.

ஆனால் எங்கே போனாலும் ஒரு ஃபாரம். ஃபாரத்தில் ஒரு கட்டம்: முன் அனுபவம். முதல் கடையில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டாவது கடையில், பள்ளிக்கூடத்து விழாவில் தண்ணீர் பாட்டில் விற்றதை எழுதினாள். பப்பிள் டீ கடை மேனேஜர் பையன் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கூப்பிடுகிறோம் என்றான். யாரும் கூப்பிடவில்லை. கூடப் படித்த ஆயிஷாவுக்கு மட்டும் செருப்புக் கடையில் உடனே கிடைத்தது. அங்கே அவள் சின்னம்மா சூப்பர்வைசர்.

பிறகு, டெக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். தையல் சாமான் கடை வைத்திருக்கும் பதுருன்னிசா என்ற அம்மாள் மட்டும் உட்காரச் சொல்லிப் பேசினார். லைனிங் துணி, ஜரிகை, கொக்கி, பட்டன் என்று கூரை வரை அடுக்கிய கடை.

"முன்ன எங்க வேலை செஞ்சிருக்கே?"

"இதுதான் ஃபர்ஸ்ட், ஆன்ட்டி."

"நீங்க எந்த ஊரு?"

"ஈசூன்."

"அது இல்லம்மா. ஊர்ல எந்த ஊரு?"

வைஷாலிக்குத் தெரியவில்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். சரசு பள்ளிக்கூடத்துக் கழிவறையில் நின்றுகொண்டு, "அது உங்கப்பாவைத்தான் கேட்டிருக்கணும்" என்றாள். மருதப்பன் செத்து இரண்டரை வருஷம்.

திரும்பிப் போய்த் தெரியாது என்று சொன்னாள். பதுருன்னிசா உதட்டைப் பிதுக்கினார். "வேலையும் செஞ்சதில்ல, ஊரும் தெரியல. ஆரு எவருன்னு தெரியாத பிள்ளைய எப்படிம்மா கல்லாகிட்ட நிக்க வைக்கிறது? கோவிச்சுக்காதே."

அன்று இரவே டெலிகிராமில் ஒரு செய்தி வந்தது: வீட்டிலிருந்தே வேலை, அனுபவம் தேவையில்லை, தினச் சம்பளம். சரசு மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அந்த ஆளைத் தடை செய்து, போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டாள். எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்ட் வாசலில் போலீஸ் ஒட்டிய போஸ்டரை அவள் வரி விடாமல் படித்தவள். தெரியாத நம்பரை எடுக்க மாட்டாள். பார்சல் கொண்டு வருகிறவனிடமும் கதவுச் சங்கிலியை எடுக்காமல்தான் பேசுவாள். போனில் வருகிறவன் திருடனாக இருக்கலாம் என்று அந்தப் போஸ்டரில் போட்டிருந்தது. தோசைப் பொட்டலத்தோடு வருகிறவனைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

ரத்னவேல் தோசைப் பொட்டலத்தோடுதான் வந்தான். நவம்பர் கடைசி ஞாயிறு. நானும் அங்கே இருந்தேன்.

"என்ன மருமகளே, டெக்காவுல ஒரு கடை விடலியாம்? மாமா ஒருத்தன் கடை வச்சிருக்கறது ஞாபகத்துக்கு வரலியா?"

"உங்க கடையில லேடீஸ் யாருமே இல்லியே மாமா."

"இனிமே உண்டு லா."

"எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்ல மாமா. முன்னாடியே சொல்லிடறேன்."

"உங்கப்பனை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். அதைவிட என்ன எக்ஸ்பீரியன்ஸ்?" என்று சிரித்தான். சரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கி மேஜைமேல் வைத்து முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்து வாங்கினான்.

"நாளைக்கே வரட்டா மாமா?"

"கிச்சன் ரெனவேஷன் நடக்குது. முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் வீட்டுல ரெஸ்ட் எடு. சம்பளம் மாசாமாசம் பாங்குல ஏறிடும்."

"வேலை செய்யாமலா?"

"ட்ரெய்னிங்னு வச்சுக்கோயேன்."

வைஷாலி என்னைப் பார்த்தாள். நான் தோசையைப் பார்த்தேன்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்றால், மருதப்பன் போன சமயத்தில் எல்லாக் காரியத்தையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவன் ரத்னவேல். பதினாறாம் நாள் நூற்றைம்பது இலை போட்டான். வடை, பாயசம் எதிலும் குறை வைக்கவில்லை. சரசு நீட்டிய பணத்தைத் தொடவில்லை. "என் மச்சான் காரியத்துக்கு நான் காசு வாங்குவேனா தங்கச்சி?" என்றான். அந்த இலையில் நானும் உட்கார்ந்தேன். சாப்பாடு போட்டவனை எந்த வாயால் சந்தேகப்படுவது?

ஆனாலும் சந்தேகம் வந்தது, வந்ததற்குக் காரணமும் இருந்தது. ரத்னவேலின் அப்பா, என் பெரியப்பா மகன், அந்தக் காலத்தில் மார்க்கெட்டில் இரண்டு கடை நடத்தினார். ஒன்று அவர் பெயரில். இன்னொன்று என் தங்கை புருஷன் சேவியர் பெயரில். என் தங்கை கிறிஸ்தவ வேதத்தில் கட்டிக்கொண்டவள். சேவியர் பாவம், ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிட்டார். ஏழு வருஷம் கழித்துத் தனக்கென்று ஒரு கடை கேட்டு மனுப் போட்டபோது, கவுண்டரில் இருந்தவர், உனக்குத்தான் ஏற்கனவே ஒரு கடை இருக்கிறதே என்றார். சேவியர் சாகும்வரைக்கும் கப்பல் பட்டறையில் காவலுக்கு நின்றார். பணம் இரவல் கேட்கிற குடும்பம் உண்டு, நகை இரவல் கேட்கிற குடும்பம் உண்டு. எங்கள் பெரியப்பா வழியில் பெயரை இரவல் வாங்குவார்கள். வாங்குவதும் தெரியாது, திருப்பித் தரவும் மாட்டார்கள்.

டிசம்பர் போயிற்று. பாங்கில் முந்நூறு வெள்ளி ஏறியது. வாரம் ஒருமுறை வைஷாலி மாமாவுக்குச் செய்தி அனுப்புவாள்: ரெனவேஷன் முடிந்ததா? அவன் கட்டை விரல் படம் அனுப்புவான். ஆயிஷா கேலி பேசினாள்: "யாருமே பாக்காத இடத்துல வேலை, மாசம் பொறந்தா சம்பளம். நீ பேயா?" வைஷாலி சிரிக்கவில்லை.

பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போன சாக்கில் நான் ரத்னவேல் கடையில் போய் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். ஒரு சுத்தியல் சத்தம் இல்லை, ஒரு சிமெண்ட் மூட்டை இல்லை. கிச்சனிலிருந்து பொங்கலும் வடையும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. டீக்குக் காசு வேண்டாம் என்று பையன்கள் சொல்லியும் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து சரசுவிடம் சொன்னேனா? இல்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பிப்ரவரியில் வைஷாலி தானாகவே கண்டுபிடித்தாள். போனில் தன் சிபிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தாள். வேலை செய்கிறவருக்கு முதலாளி மாதாமாதம் சேமிப்பில் போட வேண்டிய தொகை அது. சம்பளத்துக்குத் தக்கபடிதான் ஏறும். அவள் கணக்கில் ஏறியிருந்ததைப் பார்த்தால் அவளுக்கு ஆயிரத்துக்கு மேல் சம்பளம் என்று அர்த்தம். முந்நூறு வாங்குகிறவளுக்கு அவ்வளவு ஏற வழியில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி கடைசித் திங்கட்கிழமை, காலை ஆறரைக்கு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை இறுக்கி முடிந்துகொண்டு ரயில் ஏறினாள்.

"எங்கடி?" என்றாள் சரசு.

"வேலைக்கு."

"மாமா கூப்பிட்டாரா?"

"நானே போறேன்."

கடையின் பின்சந்து வழியாக உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் பழைய பஞ்ச் கார்டு மெஷின். அதற்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் சீட்டுக்கட்டு மாதிரிக் கார்டுகளை வைத்து ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். டக். டக். டக்.

"கஸ்டமரெல்லாம் முன்பக்கம் வரணுங்க" என்றார் திரும்பாமலே.

"கஸ்டமர் இல்ல அண்ணே. வேலைக்கு வந்திருக்கேன்."

"ஆள் எடுக்கலீங்களே."

"எடுத்துட்டாங்க. என் பேரு வைஷாலி."

நாலாவது கார்டு மெஷினுக்குள் பாதி போய் நின்றுவிட்டது. அவர் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"நெசமாவே இருக்கீங்களா?"

அவர் பெயர் வெங்கட். மன்னார்குடிப் பக்கம். தோசைக்கல்லில் நிற்கிறவர்.

"நீங்கதான் தினமும் எனக்குக் கார்டு அடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

வெங்கட் ஓர் அடி பின்னால் போனார். "நீங்க மினிஸ்ட்ரியிலேருந்து வந்திருக்கீங்களா? உண்மையைச் சொல்லிருங்க. ஊர்ல எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மொதலாளி அடிக்கச் சொல்றாரு, நான் அடிக்கிறேன். அதுல என்ன எழுதியிருக்குன்னுகூட நான் பாக்கறதில்ல."

"எனக்குப் பதினேழு வயசு அண்ணே. பப்பிள் டீ கடையிலயே என்னை எடுக்கல, மினிஸ்ட்ரியில எடுப்பாங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நம்பவில்லை. அவள் ஐசியைக் காட்டினாள். படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தபிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த ஊரு ஆளுங்க இத்தனை பேரு வேலை செஞ்சாத்தான் எங்கள மாதிரி பெர்மிட்டுல வர்ற ஆளு ஒருத்தரை எடுக்க விடுவாங்களாம். உங்க பேரு ஏறுன பிறகுதான் போன மாசம் ஒரு தம்பி வந்துச்சு. அந்தா, வெங்காயம் உரிக்குது பாருங்க. உங்க பேரு மேலதான் அது நிக்குது."

"அப்ப நீங்க யாரு பேரு மேல?"

"நான் வந்தப்ப பழைய மாஸ்டரு ஒருத்தரு சொன்னாரு: நீ சரசுன்னு ஒரு அக்கா பேருல வந்திருக்கே, அவங்க கார்டை ஒருநாளும் மறக்காதே, மறந்தா உன் சோத்துலதான் மண்ணு. ரெண்டு வருஷமா அடிக்கிறேன். ஆரு எவருன்னு தெரியாது. வீரமாகாளி கோயிலுக்குப் போறப்ப, அந்த அக்கா நல்லா இருக்கணும்னு ஒரு கும்பிடு சேத்துப் போடுவேன்."

வைஷாலி கார்டுத் தட்டில் தேடினாள். இருந்தது. அம்மாவின் பெயர், அம்மாவின் ஐசி நம்பரில் கடைசி நாலு எழுத்து. அன்று காலை ஏழு பத்துக்கு அம்மா வேலைக்கு வந்துவிட்டதாக மை காயாமல் அடித்திருந்தது. அந்த நேரத்தில் சரசு ஈசூனில் பள்ளிக்கூடத்துப் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு ரத்னவேல் வந்தான். மருமகள் இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேஜை துடைப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். கடை நிறைய ஆட்கள். சத்தம் போட முடியவில்லை. கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுக்கு வந்தே?" என்றான்.

"வேலைக்கு, மாமா."

"உனக்கு என்ன வேலை தெரியும்?"

"மூணு மாசம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு மாமா. ஒருநாள்கூட லீவு போடல. வேணும்னா கார்டைப் பாருங்க."

தோசைக்கல் பக்கமிருந்து ஓர் இருமல் சத்தம் வந்தது. இருமல் மாதிரிதான் இருந்தது.

ரத்னவேல் அவளை மேலும் கீழும் பார்த்தான். யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தான். என்மேல்கூட அவனுக்குச் சந்தேகம் வந்ததாம். "சரி, இன்னைக்கு ஒருநாள் நில்லு. சாயங்காலம் பேசிக்கலாம்" என்றான்.

அன்று அவள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். சாம்பார் கேட்ட மேஜைக்கு ரசத்தைக் கொண்டுபோனாள். எட்டுக் கண்ணாடி டம்ளர் இருந்த தட்டைக் கீழே போட்டாள். ஒரு பெரியவர் காசை இரண்டு தரம் கொடுத்துவிட்டதைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் பாதம் வீங்கிவிட்டது. அம்மாவின் முட்டியை அப்போதுதான் தனக்குள் உணர்ந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஐந்து மணிக்கு ரத்னவேல் அவளைக் கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டான். நாளையிலிருந்து வர வேண்டாம், சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன், வீட்டிலேயே இரு என்றான்.

"வேலை குடுங்க மாமா. இல்லன்னா என் பேரையும் அம்மா பேரையும் எடுத்துருங்க."

அவன் முகம் மாறியது. "உங்கப்பன் காரியத்துக்கு நூத்தம்பது இலை போட்டேன். ஒரு வெள்ளி வாங்கல. அதுக்கு நீ காட்டுற நன்றி இதானா?"

"வாங்கினீங்க மாமா. அம்மா பேரை வாங்கினீங்க."

சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். பின்சந்துக்குப் போய், தட்டிலிருந்து இரண்டு கார்டையும் உருவிப் பைக்குள் போட்டாள். வெங்கட் கரண்டியோடு ஓடி வந்தார். "ஏப்ரல்ல என் பெர்மிட்டு புதுப்பிக்கணும் தங்கச்சி. அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?" அவள் நிற்காமல் நடந்தாள். ஈசூன் வரைக்கும் ரயிலில் அழுதுகொண்டே வந்தாள்.

சரசு கார்டைப் பார்த்ததும் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. "யாரோ வேற சரசுடி." நம்பரைக் காட்டினாள் மகள். பிறகு இருவரும் சரசுவின் சிபிஎஃப் கணக்கைத் திறந்தார்கள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் மூன்று இடத்திலிருந்து ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்து வேலை, ஆபிஸ் வேலை, ரத்னவேல் கடை.

"இத்தனை நாள் பாக்கவே இல்லியாம்மா?"

"வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தத்தைத்தான் பாப்பேன். கூடுதலா இருந்துச்சு. கவர்ன்மெண்ட் போடுதுன்னு நெனச்சேன். அவங்கதான் அப்பப்ப ஏழைபாழைக்கு ஏதாச்சும் போடுவாங்களே" என்றாள் சரசு. போட்டவர்களை மனசுக்குள் வாழ்த்தியும் இருக்கிறாள்.

மருதப்பன் செத்த மறுநாள், மரணப் பத்திரத்துக்கு வேண்டும் என்று ரத்னவேல் அவளுடைய ஐசியை வாங்கிப் போனது அப்போது ஞாபகம் வந்தது. ஏதோ தாள்களில் கையெழுத்தும் போட்டாள். எத்தனை தாள் என்று அந்த நேரத்தில் யார் எண்ணுவார்கள்?

சரசுவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "சித்தப்பா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா. சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் இருந்தா வாயைத் தொறந்து சொல்றதில்லியா? உள்ளுக்குள்ளயே வச்சு என்ன பண்ணினீங்க, பூஜையா?"

போனை வைத்துவிட்டாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

அடுத்த மூன்று நாள் தாயும் மகளும் வெங்கட்டைப் பற்றியே பேசினார்களாம். ஒருவருக்கொருவர் வாய்ச்சண்டை. "அந்தத் தம்பி எனக்காகக் கும்பிட்டிருக்குடி" என்பாள் சரசு. "அவர் உங்களுக்காகக் கும்பிடல, உங்க கார்டுக்காகக் கும்பிட்டாரு" என்பாள் மகள். கடைசியில் சரசுதான் முடிவெடுத்தாள். இன்றைக்கு விட்டால் நாளைக்கு வைஷாலியின் பெயரில் இன்னொருவன் வந்து இறங்குவான், பிறகு அவனுக்காக இரக்கப்பட வேண்டிவரும் என்றாள். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு எடுத்து, இரண்டு கார்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மனிதவள அமைச்சுக்குப் போனார்கள். கவுண்டரில் சரசு முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "தோசை போடுற தம்பிக்கு என்ன ஆகும்?" என்றாள். அந்த அதிகாரி பெண் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

வெங்கட் ஆறு வாரம் வேலையில்லாமல் இருந்தார். பிறகு வேறொரு சமையல்கட்டில் இடம் கிடைத்தது. வெங்காயம் உரித்த தம்பிக்கும் கிடைத்ததாகக் கேள்வி. வைஷாலி இரண்டு மூன்று தடவை வெங்கட்டுக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. ரத்னவேல் விவகாரம் இன்னும் விசாரணையில் இருக்கிறது. போன மாதம் காத்தோங்கில் செண்பக விநாயகர் கோயிலில் எங்கள் பக்கத்துக் கல்யாணம். ரத்னவேல் பெண்டாட்டி, தன் தம்பி மகள் வைஷாலிக்கு முன்னால் வந்தும் பூவை மட்டும் சரிசெய்துகொண்டு தாண்டிப் போனாள். நான் சரசு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள், முகத்தை மட்டும் மணவறைப் பக்கமே வைத்துக்கொண்டாள்.

இந்த ரகளைக்கு நடுவில் மார்ச் பாதி போய்விட்டது. வைஷாலி மறுபடியும் பதுருன்னிசா கடைக்குப் போனாள்.

"முன்ன வந்த பிள்ளைதானே நீ? இப்பவாச்சும் எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?"

"உண்டு ஆன்ட்டி. ஒருநாள்."

"ஒருநாளா? ஏன் நின்னுட்டே? எதையாச்சும் ஒடச்சியா?"

"எட்டு டம்ளர் ஒடச்சேன். ஆனா அதுக்காக நிக்கல."

உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னாள். பதுருன்னிசா பட்டனைப் பிரித்துக்கொண்டே கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வா என்றார். அந்த இரண்டு நாளில் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். எனக்கும் ஒரு போன் வந்தது, எப்படியோ நம்பர் பிடித்து. "அந்தப் பிள்ளை சொந்த மாமன் மேலயே புகார் குடுத்துச்சாமே, நெசமா?" என்று கேட்டார். நெசம் என்றேன். "நாளைக்கு என் மேலயும் குடுக்குமா?" என்றார். "நீங்க குடுக்கிற மாதிரி நடந்தா குடுக்கும்" என்றேன். அந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்தேனே என்று எனக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து வைஷாலி போனாள்.

"ஐசி குடு, காப்பி எடுக்கணும்" என்றார் பதுருன்னிசா.

"சாயங்காலம் தரேன் ஆன்ட்டி."

"ஏன், கொண்டு வரலியா?"

"இருக்கு. மொதல்ல வேலை செய்றேன். அப்புறம் தரேன்."

பதுருன்னிசா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். "நீ என்னை நம்பல."

"ஆமா ஆன்ட்டி."

"நானும் உன்னை நம்பல. சரி, அந்த லைனிங் துணியெல்லாம் கலரு பாத்து அடுக்கு. மெரூனும் அரக்கும் ஒண்ணுன்னு சேத்துடாதே, அப்பதான் எனக்குக் கோவம் வரும்."

அன்று அவள் எழுபத்திரண்டு துணிச் சுருளை இறக்கி, தூசி தட்டி, ஏற்றி வைத்தாள். மெரூனையும் அரக்கையும் இரண்டு தடவை மாற்றி வைத்துத் திட்டு வாங்கினாள். கடை சாத்தும் நேரத்தில் தானாகவே ஐசியை எடுத்து நீட்டினாள். பதுருன்னிசா காப்பி எடுக்கும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றாள். ஐசியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு அந்தக் காப்பித் தாளை எடுத்து, கல்லாமேல் கிடந்த பேனாவால், தன் படத்துக்குக் குறுக்கே கடையின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, இந்தக் கடை வேலைக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

பதுருன்னிசா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு" என்றார். "நீயேதான் வரணும்."